மூல நோயும் அதன் சிகிச்சை முறைகளும்

மனிதரைத் துன்புறுத்தும் நோய்களுள் சில, உயிருக்கு உடனடியாக ஊறு செய்யாவிடினும், வெட்கம் காரணமாக நெடுநாள் மறைத்து வைக்கப்படுவதால் பெருந் தீங்காக முடிகின்றன. மூல நோய் அவ்வகையைச் சேர்ந்தது. இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி இது காணப்படுகிறது. நடு வயதினரிடம் மிகுதியாகவும், கருவுற்ற பெண்களிடம் கடைசி மாதங்களிலும் மகப்பேற்றுக்குப் பின்னரும் அடிக்கடியும் தோன்றுகிறது. எனினும், இந்நோய் தமக்கு இருப்பதாகத் தாமே முன்வந்து கூறுவோர் மிகச் சிலரே.

இந்நோயைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் மக்களிடையே வேரூன்றியுள்ளன. மூலம் வந்துவிட்டால் கத்தி வைத்தே தீர வேண்டும் என்பது ஒன்று. மலத்துடன் இரத்தம் போனால் அது மூலமே என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் மக்கள் மருத்துவமனைக்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். இரண்டாவது எண்ணத்தால், மூலமல்லாத கொடிய நோயையும் மூலமென்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். உண்மை இவ்விரண்டிற்கும் மாறானது. மூல நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் இரத்தம் போகும் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் மருத்துவரால் சோதிக்கப்பட வேண்டும். கிராமப் பணியாளர்களும் ஆசிரியர்களும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. அதற்கு வேண்டிய விவரங்களைக் கீழே காண்போம்.

மூலம் என்பது யாது?

மலக்குடலின் கடைப் பகுதியாகிய ஆசனக் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில், மெல்லிய சவ்வின் அடியில், இரத்தக் குழாய்களும் இணைப்புத் திசுவும் கலந்த மூன்று சிறு மெத்தைகள் அமைந்துள்ளன. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பார்த்தால், கடிகார முகப்பில் 3, 7, 11 ஆகிய எண்கள் உள்ள இடங்களில் இவை பெரும்பாலும் இருக்கும். இவை நோயின் விளைவல்ல. பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஆசன வாயை இறுக மூடிக் காற்றும் நீரும் கசியாமற் காப்பதற்கு இம்மெத்தைகள் துணை செய்கின்றன.

மூலம் என்பது காலில் நரம்பு புடைத்துக்கொள்வதைப் போன்று இரத்தக் குழாய்கள் வீங்குவதே என்று முற்காலத்தில் கருதினர். 1975-ஆம் ஆண்டில் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கருத்தை மாற்றியது. மெத்தைகளைத் தம் இடத்தில் பிடித்து நிறுத்தும் நார்த்திசு நாளடைவில் நைந்துவிடுகிறது. அதனால் மெத்தைகள் கீழ்நோக்கிச் சரிகின்றன. மலச்சிக்கலால் முக்கும்போது அவை மேலும் தள்ளப்பட்டு, இரத்தம் தேங்கிப் பருக்கின்றன. கெட்டியான மலம் உராய்வதால் சவ்வு கிழிந்து இரத்தம் ஒழுகுகிறது. இவ்வாறு சரிந்து, தொல்லை தரும் மெத்தையையே மூலம் என்கிறோம்.

ஆசனக் குழாயின் உட்புறத்தில், வாயிலிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில், பல்வரிசை போன்ற ஒரு கோடு உண்டு. இக்கோட்டிற்கு மேலே உள்ள சவ்வுக்குத் தோலைப் போல் வலி உணரும் ஆற்றல் இல்லை. கீழே உள்ள தோலுக்கு அவ்வாற்றல் மிகுதி. கோட்டிற்கு மேலே தோன்றுவது உள்மூலம். கீழே தோன்றுவது வெளிமூலம். உள்மூலம் வலியின்றி இரத்தம் சிந்துவதற்கும், வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் பொறுக்க முடியாத வலி உண்டாவதற்கும் காரணம் இதுவே. பின்னர்க் கூறப்போகும் சில சிகிச்சைகளை மயக்க மருந்தின்றிச் செய்ய இயல்வதும் இக்கோட்டினாலேயே ஆகும்.

மூலம் அல்லாதவை

நம் நாட்டு வழக்கில் ஆசன வாயில் எத்தொல்லை நேரினும் அதனை மூலம் என்றே கூறிவிடுகின்றனர். இவ்வழக்கம் ஆபத்தானது. மலங் கழிக்கும்போது கத்தியால் அறுப்பது போன்ற வலியும், அதன் பின்னர் நீண்ட நேரம் எரிச்சலும் இருப்பின் அது பெரும்பாலும் ஆசன வெடிப்பாகும். ஆசன வாயின் பக்கத்தில் சிறு துளை தோன்றி, அதிலிருந்து சீழ் அடிக்கடி கசிந்தால் அது பௌத்திரம். இரவு நேரத்தில் குழந்தைகளுக்கு ஆசன வாயில் அரிப்பு உண்டானால் கீரிப்பூச்சி காரணமாகலாம்.

குழந்தைகளுக்கு மூலம் வருவது அரிது என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைத்தல் நலம். இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்கு வலியின்றி இரத்தம் போனால், மலக்குடலில் தோன்றும் சதை வளர்ச்சி காரணமாக இருக்கலாம். அது பெரும்பாலும் தீங்கற்றது, எளிதில் அகற்றப்படக்கூடியது. ஆனால் அதற்கு மூலத்துக்குரிய மருந்து கொடுப்பதால் பயனில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது புற்றுநோய். மலக்குடற் புற்றுநோயிலும் இரத்தம் போகும். தொடக்கத்தில் வலி இராது. நம் நாட்டில் இந்நோய் முதியோரை மட்டுமன்றி 40 வயதுக்கு உட்பட்டோரையும் தாக்குகிறது. ஆகவே இளைஞர் என்பதற்காக அசட்டையாயிருத்தல் கூடாது. கீழ்க்காணும் குறிகளுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்:

(1) இரத்தம் கருஞ்சிவப்பாக இருத்தல், அல்லது மலத்தோடு கலந்து வருதல்.
(2) மலங் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல். அதாவது புதிதாகச் சிக்கலோ கழிச்சலோ ஏற்படுதல்.
(3) மலங் கழித்த பின்னும் முழுவதும் கழியவில்லை என்ற உணர்ச்சி நீடித்தல்.
(4) காரணமின்றி உடல் மெலிதல்.
(5) வயிற்றிலோ ஆசனக் குழாயிலோ கட்டி தென்படுதல்.
(6) இரத்த சோகை.
(7) குடும்பத்தில் எவருக்கேனும் குடற் புற்றுநோய் வந்திருத்தல்.

மருத்துவர் கையுறை அணிந்து விரலால் சோதிப்பார். பின்னர் பிராக்டாஸ்கோப் என்னும் சிறு குழாயை உட்செலுத்தி ஒளியின் உதவியால் பார்வையிடுவார். இவ்விரண்டும் சில நிமிடங்களில் முடிவன, பெருஞ் செலவில்லாதவை. மலக்குடற் புற்றுநோய்களுள் கணிசமானவை விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பவை. உள்மூலம் தன் இடத்திலேயே இருக்கும்போது மென்மையாக இருப்பதால் விரலுக்குத் தட்டுப்படாது. பிராக்டாஸ்கோப் வழியாகவே அதனைக் காண இயலும். ஐயம் எஞ்சியிருப்பின் பெருங்குடல் முழுவதையும் உள்நோக்கிக் கருவியால் சோதிப்பர்.

துளி இரத்தத்தின் கணக்கு

"கொஞ்சம் இரத்தந்தானே போகிறது" என்று பலர் கூறுவர். அந்தக் கொஞ்சத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச் சத்து உள்ளது. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் இரத்தம் போகுமாயின், இழக்கும் இரும்பு இரண்டரை மில்லிகிராம் ஆகும். நம் குடல் ஒரு நாள் உணவிலிருந்து ஈர்த்துக்கொள்ளும் இரும்போ வழக்கமாக ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரையே. வரவினும் செலவு மிகுந்தால் சேமிப்பு கரைவது உறுதி. சில மாதங்களில் முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கி, வேலையில் சோர்வு மிகுந்துவிடும்.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்த சோகை எனக் கொள்ளப்படும். மாதவிடாயினாலும் மகப்பேற்றினாலும் முன்னரே இரும்புச் சத்துக் குறைந்துள்ள நம் பெண்களுக்கு, மூலத்தினால் ஏற்படும் இழப்பு மேலும் ஒரு சுமையாகிறது. இரும்பு மாத்திரை உண்டும் சோகை தீராத பெண்ணிடம், மலத்தோடு இரத்தம் போகிறதா என்று பெண் பணியாளர் தனிமையில் கேட்டறிதல் வேண்டும்.

நான்கு நிலைகள்

உள்மூலத்தை அது சரிந்துள்ள அளவைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரிப்பர். முதல் நிலையில் இரத்தம் மட்டும் போகும், மூலம் வெளிவராது. இரண்டாம் நிலையில் முக்கும்போது வெளிவந்து தானாகவே உள்ளே சென்றுவிடும். மூன்றாம் நிலையில் கையால் தள்ளினால்தான் உள்ளே செல்லும். நான்காம் நிலையில் தள்ளினாலும் செல்லாது வெளியிலேயே நிற்கும். சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு இப்பாகுபாடு அடிப்படையாகும். சிகிச்சைகள் ஏணியின் படிகளைப் போன்றவை. கீழ்ப்படியில் தொடங்கித் தேவையானால் மட்டுமே மேற்படிக்குச் செல்லுதல் முறை.

முதற்படி: உணவும் பழக்கமும்

எந்நிலையில் உள்ள நோயாளிக்கும் இன்றியமையாத சிகிச்சை மலத்தை இளக்குவதே. இதற்கு நார்ச்சத்தும் நீரும் வேண்டும். நார்ச்சத்தைப் பற்றிய ஏழு ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, நார்ச்சத்து மிகுதியாக உண்டோரிடம் இரத்தப் போக்கும் பிற தொல்லைகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று கண்டது. விலை மிகுந்த மருந்துகள் பல இவ்வளவு பயன் தருவதில்லை.

நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் உள்ள நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. அதே எடையுள்ள கேழ்வரகு, கம்பு, கோதுமை மாவு ஆகிய ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 11 கிராம் உண்டு. சோளத்தில் 10 கிராம். முழுப் பச்சைப் பயற்றில் 17 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்டால் அதனால் கிடைப்பது 8 கிராம் அளவே. அதில் 100 கிராம் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகும், அதனுடன் 50 கிராம் பச்சைப் பயறும் சேர்த்தால் தொகை 25 கிராமாக உயர்ந்துவிடும். கீரையும், காய்களும், ஒரு கொய்யாப் பழமும் எஞ்சிய குறையை நிரப்பிவிடும். வகுப்பறையில் மாணவர்களுக்குக் கணக்காகவே இதனைக் கொடுக்கலாம்.

உணவால் போதிய பயன் கிட்டாவிடில் இசப்கோல் உமியைப் பயன்படுத்தலாம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருமளவில் பயிராகும் இச்சிறு விதையின் மேல்தோல் நீரை உறிஞ்சிப் பல மடங்கு பருத்து, மலத்தை மென்மையாக்குகிறது. குஜராத்தில் உள்ள ஊஞ்சா என்னும் நகரம் இதன் பெருஞ் சந்தையாகும். ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி உமியை ஒரு பெரிய குவளை நீரில் கலந்து உடனே பருக வேண்டும். குறைந்த நீருடன் உட்கொண்டால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக் கூடும். நார்ச்சத்தைத் திடீரென மிகுத்தால் வயிறு உப்பும். ஆதலால் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முழுப் பயன் தெரிய ஆறு வாரங்கள் ஆகலாம் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுதல் நல்லது. இல்லையேல் பத்து நாளில் கைவிட்டு விடுவார்.

பழக்கங்களும் திருந்த வேண்டும். மலங் கழிக்கும் உணர்ச்சி தோன்றியவுடன் அதனை அடக்காது செல்ல வேண்டும். கழிப்பிடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அமர்தல் கூடாது. செய்தித்தாளையும் கைப்பேசியையும் அங்கே கொண்டு செல்லும் வழக்கம் நேரத்தை நீட்டிக்கிறது. வலிந்து முக்குதல் கூடாது. ஒதுக்கமான கழிப்பறை இல்லாத காரணத்தால் விடியுமுன்னோ இருட்டிய பின்னோ மட்டும் வெளியே செல்லும் பெண்கள் மலத்தை அடக்கி வைக்கின்றனர். அடக்கிய மலம் நீர் வற்றிக் கெட்டியாகிறது. பள்ளியில் பெண்களுக்குரிய கழிப்பறை தண்ணீர் வசதியுடன் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இந்நோயைத் தடுக்கும் பணிகளுள் ஒன்றாகும்.

வலியும் வீக்கமும் இருக்கும்போது, அகன்ற தொட்டியில் இளஞ்சூடான நீரை நிரப்பி, அதில் இடுப்புப் பகுதி மூழ்க 10 முதல் 15 நிமிடம் அமர்ந்திருத்தல் சுகம் தரும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்யலாம். நீரின் சூட்டைக் கையால் சோதித்த பின்னரே அமர வேண்டும்.

மருந்துகள்

பூசும் களிம்புகள் வலியையும் அரிப்பையும் சிறிது காலம் தணிக்குமேயன்றி, சரிந்த மெத்தையை மேலே தூக்கி நிறுத்தா. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும். டையோஸ்மின் போன்ற, தாவரங்களிலிருந்து பெறப்படும் மாத்திரைகள் இரத்தப் போக்கைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றை மருத்துவரின் அறிவுரைப்படி சில வாரங்கள் உட்கொள்ளலாம். கருவுற்ற பெண்களுக்கு உணவு மாற்றமும் வெந்நீர்த் தொட்டியுமே பெரும்பாலும் போதும். மகப்பேற்றுக்குப் பின் தொல்லை தானாகவே தணிவது வழக்கம்.

வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து திடீரென நீல நிறக் கட்டி தோன்றினால், முதல் மூன்று நாட்களுக்குள் அதனை மரப்பூசி போட்டு அகற்றுவதால் உடனே நிவாரணம் கிட்டும். அதற்குப் பின் வந்தால், வலி தானே குறையத் தொடங்கிவிடுமாதலால், வெந்நீரும் வலி நீக்கும் மருந்துமே தக்கவை.

இரண்டாம் படி: மயக்க மருந்து வேண்டாத முறைகள்

மலம் இளகியும் இரத்தம் நிற்காத முதல், இரண்டாம் நிலைகளிலும், மூன்றாம் நிலையில் சிலருக்கும், புறநோயாளிப் பிரிவிலேயே செய்யத்தக்க முறைகள் உள்ளன. இவற்றுள் முதன்மையானது ரப்பர் வளையமிடுதல். 1958-இல் பிளெயிஸ்டெல் என்பவர் மூலத்தின் அடியில் கட்டுப்போடும் கருவியை வெளியிட்டார். 1963-இல் பாரன் என்பவர் அதனைத் திருத்தி ரப்பர் வளையம் இடும் முறையைப் பரப்பினார். இருவரும் அமெரிக்க மருத்துவர்கள். மேற்கூறிய கோட்டிற்கு மேலே, வலி உணராத பகுதியில், மூலத்தின் அடியைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையம் மாட்டப்படுகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஐந்து முதல் பத்து நாட்களில் அப்பகுதி வாடி வளையத்துடன் உதிர்ந்துவிடும். அவ்விடத்தில் உண்டாகும் வடு, எஞ்சிய சவ்வை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். சில வாரங்கள் கழித்து மீண்டும் வளையம் இட நேர்வதுண்டு.

வளையம் உதிரும் நாட்களில் இரத்தம் சிறிது போகலாம். ஆனால் இரத்தம் பெருகினாலோ, வளையமிட்ட சில நாட்களில் காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை சேர்ந்து தோன்றினாலோ, அஃது ஆழ்ந்த சீழ்ப் பிடிப்பின் குறியாகலாம். அரிதாயினும் உயிருக்கு ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் அவசியம்.

மற்றொன்று ஊசி முறை. நூற்றுக்கு ஐந்து பங்கு பீனால் கலந்த எண்ணெயை மூலத்தின் மேற்புறத்தில் சவ்வின் அடியில் செலுத்தினால், அங்கே நார்த்திசு வளர்ந்து மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். முதல் நிலைக்கும் சிறிய இரண்டாம் நிலைக்கும் இது ஏற்றது. ஆனால் வளையத்தைப் போல் நிலைத்த பயன் தருவதில்லை. அகச்சிவப்புக் கதிரின் வெப்பத்தால் அவ்விடத்தை உறையச் செய்யும் முறையும் உண்டு.

மூன்றாம் படி: அறுவைச் சிகிச்சை

முற்றிய மூன்றாம் நிலை, நான்காம் நிலை, உள்ளும் புறமும் கலந்த பெரு மூலம், மேற்கண்ட முறைகளால் தீராத இரத்தப் போக்கு ஆகியவற்றுக்கே அறுவை வேண்டும். லண்டன் மாநகரிலுள்ள செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மில்லிகன், மார்கன் என்போர் 1937-இல் விவரித்த முறை இன்றும் கையாளப்படுகிறது. மூன்று மூலங்களையும் தனித்தனியே அறுத்தெடுத்து, அவற்றின் இடையே தோலும் சவ்வும் பாலம்போல் எஞ்சுமாறு விட்டு, புண்ணைத் தைக்காது ஆற விடுவது அம்முறை. இடையில் தோல் எஞ்சாவிடில் ஆசன வாய் சுருங்கிவிடும். புண் முற்றும் ஆற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் சில நாட்கள் வலி மிகுதி. ஆயினும் நோய் திரும்பி வருவது எல்லா முறைகளையும்விட இதில் குறைவு.

வலியைக் குறைக்கப் புதிய முறைகள் வந்துள்ளன. இத்தாலிய மருத்துவர் லாங்கோ 1998-இல் வெளியிட்ட முறையில், மூலத்துக்கு மேலுள்ள சவ்வை வளையமாக வெட்டிச் சிறு உலோகக் கொக்கிகளால் தைக்கும் கருவி பயன்படுகிறது. ஜப்பானில் 1995-இல் மொரினாகா என்பவர் வெளியிட்ட முறையில், ஒலி அலைக் கருவியின் துணையால் மூலத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் கண்டு கட்டிவிடுவர்.

புதியது யாவும் சிறந்ததென்று கொள்ளல் ஆகாது. பிரிட்டனில் நடந்து 2016-இல் முடிவுகள் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இதனை விளக்குகின்றன. முதல் ஆய்வு, கொக்கித் தையல் முறையைப் பழைய அறுவையோடு 777 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. கொக்கித் தையல் முறையில் தொடக்கத்தில் வலி குறைவு, ஆனால் நோய் திரும்பி வருதல் மிகுதி, செலவும் அதிகம். இரண்டாவது ஆய்வு, தமனியைக் கட்டும் முறையை ரப்பர் வளையத்தோடு ஒப்பிட்டது. ஒரு முறை மட்டும் வளையம் இட்டவர்களுள் நூற்றுக்கு 49 பேருக்கு ஓராண்டில் தொல்லை திரும்பியது. தமனி கட்டியவர்களுள் 30 பேருக்குத் திரும்பியது. ஆனால் வேண்டியோர்க்கு வளையத்தை மறுமுறை இட்ட பயனையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. மலிவான எளிய முறையைப் பொறுமையுடன் இருமுறை செய்தால் விலையுயர்ந்த முறைக்கு அது பெரிதும் பின்தங்குவதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

நம் நாட்டுப் பழைய முறைகள்

இப்படிமுறைக் கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. சுசுருத சங்கிதை இந்நோயை அர்சஸ் என்று குறிப்பிட்டு, மருந்து, காரம், நெருப்பு, கத்தி ஆகிய நான்கு உபாயங்களைக் கூறுகிறது. ஆசனக் குழாயின் உட்புறத்தைப் பார்ப்பதற்காகப் பசுவின் காம்பு வடிவில் துளையுள்ள கருவி ஒன்றையும் அந்நூல் விவரிக்கிறது. அதனை இன்றைய பிராக்டாஸ்கோப்பின் முன்னோடி எனலாம்.

காரம் தோய்த்த நூலால் செய்யும் சிகிச்சைக்கு 1960-களில் பனாரஸ் இந்து பல்கலைக் கழகத்தில் தேஷ்பாண்டே என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் புத்துயிர் அளித்தனர். இந்நூலுக்கு இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றால் மொத்தம் 21 பூச்சுகள் இடப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வு, பௌத்திரத்துக்கு இம்முறை ஏற்றதெனக் கண்டது. புண் ஆற எட்டு வாரம் பிடித்தது. அறுவையில் நான்கு வாரமே. ஆயினும் ஓராண்டில் நோய் திரும்பியது நூற்றுக்கு 4 பேருக்கு மட்டுமே. அறுவையிலோ 11 பேருக்கு. இவ்வாய்வு பௌத்திரத்தைப் பற்றியது என்பதை மறத்தலாகாது. மூலத்துக்கும் இந்நூலைக் கட்டுவதுண்டு. எனினும் பௌத்திரத்தில் கண்ட வெற்றியை அப்படியே மூலத்துக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எம்முறையாயினும் அதில் முறைப்படி பயின்று பதிவு பெற்றவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

விளம்பர வைத்தியம்

"அறுவையின்றி ஒரே ஊசியில் குணம்" என்ற விளம்பரங்களை ரயில் நிலையச் சுவர்களிலும் கடைவீதிகளிலும் காணாதவர் இல்லை. பயிற்சியற்றோர், இன்னதென்று அறியப்படாத அரிக்கும் திரவங்களைக் கண்ட இடத்தில் செலுத்துவதால் சதை அழுகி, ஆசன வாய் சுருங்கி, மலத்தை அடக்கும் ஆற்றலை இழந்தோர் உண்டு. சீழ் பரவி உயிர் துறந்தோரும் உண்டு. மருத்துவர் இடும் ஊசிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, திரவம் இன்னது, அளவு இவ்வளவு, இடம் இது என்ற அறிவே ஆகும். மேலும், சோதித்துப் பாராமலே மூலமென்று கூறி மாதக் கணக்கில் மருந்து விற்போர், புற்றுநோயாளியின் பொன்னான காலத்தைப் பறித்துவிடுகின்றனர். வறுமையும் வெட்கமும் சேர்ந்தே மக்களை இவர்களிடம் ஓட்டுகின்றன. ஆகவே பழித்துரைப்பதைவிட, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எந்நாளில் இதற்குச் சிகிச்சை உண்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிவிப்பதே மக்களுக்கு மிகுந்த பயன் தரும்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கிராமப் பணியாளரும் ஆஷா பணியாளரும் நோயை நிர்ணயிக்க வேண்டுவதில்லை. நோயாளியை நேரிற் சோதிக்கவும் வேண்டுவதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இரத்தம் எவ்வளவு நாளாகப் போகிறது? மலத்தின் மேல் சொட்டுகிறதா, கலந்து வருகிறதா? வலி உண்டா? உடல் மெலிந்ததா? மலங் கழிக்கும் வழக்கம் மாறியதா? குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய நோய் உண்டா? இவற்றைத் தனியிடத்தில், பெண்களிடம் பெண் பணியாளரே கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி நோயாளியிடம் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கூச்சத்தினால் மருத்துவர் முன் வாய் திறவாத நோயாளிக்கு அச்சீட்டுப் பேச உதவும். ஹீமோகுளோபின் சோதனையையும் உடன் செய்விக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, அவர் சென்றாரா என்று விசாரித்தலும் பணியின் பகுதியே.

ஆசிரியர்கள், உடற்கூறு பாடத்தில் செரிமானத்தைக் கற்பிக்கும்போது மலக்குடலையும் கூசாது விளக்க வேண்டும். தண்ணீர், கீரை, சிறுதானியம் ஆகியவற்றின் பயனை அவ்விடத்திலேயே இணைத்துக் கூறலாம். உடலின் எப்பகுதியைப் பற்றியும் இழிவின்றிப் பேசக் கற்ற மாணவன், தன் வீட்டில் தாயோ தந்தையோ இந்நோயை மறைத்துத் துன்புறும்போது, மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்லத் தயங்க மாட்டான். மூலமாக இருந்தால், பெரும்பாலும் உணவாலும் எளிய சிகிச்சையாலும் தீரும். வேறு நோயாக இருந்தால், உரிய காலத்தில் கண்டறிந்ததனால் ஓர் உயிர் காக்கப்படும். எவ்வாறாயினும் சோதித்துக்கொள்வதனால் நோயாளிக்கு நன்மையே விளையும்.